தேசியகீதம் கேட்கும்வரை சர்க்கரை இல்லை

ஜனவரி 8, வியாழன்

காலையில் குழாய் உறைந்து கிடந்தது. வெந்நீர் ஊற்றித் திறந்தேன். என் மகன் நெஜ்தெத் விடிந்த பிறகுதான் வேலை முடிந்து வந்தான். நகராட்சியின் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஜனவரியில் ஏது வீடு? மீசையெல்லாம் பனி. டீ கொதிக்கும் சமோவார் பக்கத்தில் உட்கார்ந்து, சர்க்கரைக் கட்டியைக் கடித்துக் கடித்து மூன்று கிளாஸ் டீ குடித்தான். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது. திறந்ததும் மகளைப் பற்றிய பேச்சு.

"போதும்மா இந்த ஐஸ் விளையாட்டு. குளிரை நான் சம்பளத்துக்குத் தாங்குறேன். அவ எதுக்குச் சும்மா தாங்கணும்?"

அய்பிகேக்குப் பதினாறு வயது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் கோல்கீப்பர். ஊர் அணியில் இல்லை, நாட்டு அணியில்! அடுத்த வாரம் நான்கு நாட்டு அணிகள் நம் எர்சுருமுக்கே வந்து நம்மோடு விளையாடப் போகின்றன. பெரிய நாடுகள் எல்லாம் மேல் பிரிவுகளில் இருக்கின்றன, நாம் கீழேயிருந்து இரண்டாவது படி என்று அவளே சொன்னாள். இருக்கட்டுமே. இந்தத் தெருவில் வேறு யார் பேத்தி எந்தப் படியில் நிற்கிறாள்?

ஜனவரி 11, ஞாயிறு

அவள் ஹாக்கிப் பையை அடுப்பு ஓரத்தில் காய வைத்திருக்கிறாள். ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் காலுறையைப் போட்டு மூடியது போல ஒரு நாற்றம். வீடு முழுக்க.

சாப்பிடும்போது அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை. கடைசியில் நெஜ்தெத் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "கடைசியா வர்ற அணியைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிடுவாங்கன்னு சொன்னேல்ல? சரி. நீங்க இறங்கினா, மட்டையைப் பரண்ல போட்டுட்டு பரீட்சைக்குப் படிக்கிற. இறங்கலைன்னா இன்னும் ஒரு வருஷம் ஆடு. நான் வாயே திறக்க மாட்டேன்."

அய்பிகே தலையை நிமிர்த்தி, "சரி" என்றாள்.

"அம்மா, நீதான் சாட்சி."

சாட்சிதான். ஆனால் யார் பக்கத்து சாட்சி என்று அவன் கேட்கவில்லை.

ஜனவரி 17, சனி

மெக்சிகோ 7, நாம் 1.

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு மெவ்லுதேயை இழுத்துக்கொண்டு போனேன். ஆளுக்கொரு கம்பளி, மடியில் வெந்நீர்ப் பை. அரங்கத்துக்குள் வெளியைவிடக் குளிர் குறைவு, அதற்கே மெவ்லுதே புலம்பினாள். பெரிய பெரிய கால் திண்டுகளைக் கட்டிக்கொண்டு என் பிள்ளை கோலில் நின்றாள். "உன் பேத்தி ரெண்டு மெத்தையைக் கட்டிக்கிட்டு நிக்கிறா, அக்கா. தூக்கம் வந்தா அப்படியே சாஞ்சுக்கலாம்" என்கிறாள் மெவ்லுதே. அந்தக் கறுப்பு வட்டு என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. விளக்கு எரியும், அந்தப் பக்கத்துப் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், அப்போதுதான் கோல் என்று தெரியும். ஏழு தடவை எரிந்தது.

ஏழாவதற்குப் பிறகு முன் வரிசைக்காரர் ஒருவர் திரும்பி, "கோல்ல நிக்கிறது யாரு வீட்டுப் பொண்ணுங்க?" என்றார். மெவ்லுதே தரையைப் பார்த்தாள். நான், "எங்க வீட்டுப் பொண்ணு" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக நிற்க, ஜெயித்தவர்களின் கொடியை ஏற்றி அவர்கள் தேசியகீதத்தைப் போட்டார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இதுதான் வழக்கமாம். விருந்தாளி வீட்டுப் பாட்டு, எழுந்து நின்றேன். ஆனால் வயிறு எரிந்தது. நம்ம ஊரு, நம்ம அரங்கம், நம்ம பனி! பாட்டு மட்டும் யாரோடது?

வீட்டுக்கு வந்ததும் எல்லார் முன்னாலும் சர்க்கரைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். "அந்த அரங்கத்துல நம்ம தேசியகீதம் கேக்குற வரைக்கும் என் நாக்குல சர்க்கரை படாது."

நெஜ்தெத் சிரித்தான். "செத்தே போவே, அம்மா."

பார்க்கலாம்.

ஜனவரி 18, ஞாயிறு

பெல்ஜியம் 3, நாம் 2. கூடுதல் நேரத்தில் தோற்றோம். அவர்கள் பாட்டு சின்னது, சீக்கிரம் முடிந்தது. அந்த மட்டும் நல்லது.

பாட்டி என்னை 'நெனே, நெனே' என்று கொஞ்சி அய்பிகே ஏதோ ஆறுதல் சொன்னாள். "மூணு பகுதியும் சமமா முடிஞ்சுச்சே, நெனே. அதுக்கே ஆளுக்கொரு புள்ளி. அப்புறம் ஜெயிச்சதுக்கு அவங்களுக்கு இன்னொண்ணு, அவ்வளவுதான்."

"தோத்ததுக்குப் புள்ளியா? கல்யாணம் நின்னுபோன வீட்டுல பந்தி போட்ட மாதிரி இருக்கு. போடி."

சர்க்கரை இல்லாத டீ மருந்து போல இறங்குகிறது. இரண்டாவது கிளாஸ் அதைவிட மோசம். குடித்தேன்.

ஜனவரி 19, திங்கள்

அணிக்கு இன்று ஓய்வு. எனக்கு இல்லை. சேமியா போன்ற இழைமாவில் வால்நட் வைத்துக் கதாயிஃப் சுருட்டினேன், பொரித்துப் பாகில் போட்டேன், இருபது பெண்களுக்கு. பாகு பதமாக இருக்கிறதா என்று ருசி பார்க்க முடியவில்லை. மருமகளை விட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, வேண்டுமென்றே, மெதுவாக மென்றாள்.

ஜனவரி 20, செவ்வாய்

ஐஸ்லாந்து. சமமாக முடிந்து, ஒருவர் பின் ஒருவராகத் தனியாக வந்து அடிக்கும் பெனால்டியில் தோற்றோம்.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அய்பிகேயின் வலது தோளில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு காயம் தெரிந்தது. வட்டு பட்டது. தொட்டால் துள்ளுகிறாள். நான் எண்ணெய் தடவினேன். "நிறுத்திடலாமான்னு தோணுதாடி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நெனே, அது கோலுக்குள்ள போகலை. என் மேல பட்டு வெளிய போச்சு." காயத்தை இப்படிப் பெருமையாகப் பார்க்கிற பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை.

நெஜ்தெத் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அப்படியே வேலைக்குப் போனான்.

ஜனவரி 21, புதன்

நம் ஆட்டம் இல்லாவிட்டாலும் போனேன். மறுபடி மெக்சிகோதான் ஜெயித்தது. "அவங்க பாட்டு எனக்குப் பாதி மனப்பாடம் ஆயிடுச்சு. நாளைக்கு நானே பாடிடுவேன்" என்றாள் மெவ்லுதே.

நாளை ஸ்பெயின். கடைசி ஆட்டம்.

ஜனவரி 22, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் பெல்ஜியம் மெக்சிகோவிடம் தோற்றது. அதற்கும் நமக்கும் என்ன என்று நான் கவனிக்கவில்லை. சாயங்காலம் நம் ஆட்டம். இரண்டு பகுதி முடியும்போது ஆளுக்கு ஒரு கோல். மூன்றாவது பகுதி முழுக்க ஸ்பெயின்காரப் பெண்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். வட்டு எனக்குத் தெரியாது, ஆனால் அது என் பிள்ளையின் திண்டில் மோதும் சத்தம் தெரியும். டப். டப். ஒவ்வொரு டப்புக்கும் மெவ்லுதே என் முழங்கையைக் கிள்ளினாள். பின்னாலிருந்து இளவட்டங்கள் கத்தினார்கள்: "எர்சுரும் பொண்ணு! கதவைச் சாத்துடி!"

சாத்தினாள். விளக்கு எரியவே இல்லை. மணி அடித்து, ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

அப்போதுதான் பார்த்தேன். படிக்கட்டின் உச்சியில் நெஜ்தெத். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறான், ஆரஞ்சுச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. உட்காரவும் இல்லை.

கூடுதல் நேரத்தில் யாரும் அடிக்கவில்லை. மறுபடி அந்தப் பாழாய்ப்போன பெனால்டி. கடைசிப் பெண் வந்தாள், இடப்பக்கம் சாய்ந்தாள், என் பிள்ளையும் சாய்ந்தாள்— விளக்கு எரிந்தது.

போச்சு. எல்லாம் போச்சு. நாலு ஆட்டம், நாலு தோல்வி. நெஜ்தெத் இறங்கி வந்து என் தோளைத் தொட்டு, "முடிஞ்சுதும்மா. வா, வீட்டுக்குப் போகலாம்" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

நான் எழுந்தால், கீழே நம் பெண்கள் குதிக்கிறார்கள்! மட்டையை வீசிவிட்டு, அய்பிகே மேல் ஒருத்தி மேல் ஒருத்தியாக விழுகிறார்கள். பயிற்சி கொடுக்கிற டீச்சர் அழுகிறாள். ஸ்பெயின்காரிகளே திகைத்து நிற்கிறார்கள்.

"தோத்துட்டு எதுக்குடி ஆடுறாங்க?" என்றேன் மெவ்லுதேயிடம். "அதிர்ச்சியில புத்தி கலங்கிடுச்சு போல, அக்கா" என்றாள்.

ஸ்பெயின் பாட்டு முடியும்வரை நின்றேன். பிறகு ஓடி வந்து கண்ணாடித் தடுப்பில் ஒட்டிக்கொண்டு அய்பிகே கத்தினாள்: "நெனே! மூணு புள்ளி! மூணு தடவை சமமா முடிச்சோம்ல! பெல்ஜியத்துக்கு ரெண்டுதான்! அவங்கதான் கடைசி, நாம இறங்கலை!"

கல்யாணம் நின்ற வீட்டுப் பந்தி! அதில்தான் என் பிள்ளை வயிறு நிறைந்திருக்கிறாள். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நெஜ்தெத் பக்கம் திரும்பினேன். "நீ 'தோத்தா'ன்னு சொல்லலை. 'இறங்கினா'ன்னு சொன்னே. நான்தான் சாட்சி."

"நாலும் தோத்திருக்காங்கம்மா..."

"இறங்கினாங்களா?"

அவன் வண்டிச் சாவியை எடுத்தான். வீட்டுக்கு வரும் வழியில், வண்டியில், கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "அந்தக் கடைசிப் பொண்ணு இடப்பக்கம்தானே சாஞ்சா? அப்புறம் எப்படி உள்ள போச்சு?"

"ஏமாத்திட்டாப்பா. மட்டையைத் திருப்பிட்டா."

"ம். அடுத்த தடவை அவ தோளைப் பாக்காத. மட்டையைப் பாரு."

இவனுக்கு என்ன தெரியும் ஹாக்கி? ஆனால் அய்பிகே, "சரிப்பா" என்றாள்.

ஜனவரி 23, வெள்ளி

மெவ்லுதே சர்க்கரைக் கட்டியை நீட்டினாள். "அதான் இறங்கலையே, அக்கா. போட்டுக்கோ."

"பாட்டு கேட்டுதா?"

"கேக்கலை."

"அப்போ எடுத்துட்டுப் போ."

பிப்ரவரி 6, வெள்ளி

இரண்டு நாளாக நிற்காத பனி. அய்பிகேக்குக் காலைப் பயிற்சி. நெஜ்தெத் வேலையிலிருந்து வந்தவன், பூட்ஸைக் கழற்றாமலே அந்த நாற்றப் பையைத் தூக்கி வண்டியில் வைத்தான். கிளம்பும் முன் டீ ஊற்றிக் கொடுத்தேன். வழக்கம் போல சர்க்கரைக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினேன்.

அவன் அதை மூடி வைத்துவிட்டான். கட்டி இல்லாமல் ஒரு மடக்கு குடித்தான். முகம் கோணிப்போனது. இன்னொரு மடக்கு குடித்தான்.

அய்பிகே என்னைப் பார்த்தாள். அவன் கிளாஸை மறுபடி நிரப்பினேன்.