கறுத்துப் போன நம்பர்

உ

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் மாலதிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி ஓவியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போதே சொல்லிவிட்டேன். இங்கே அப்பா சுகம். நானும் சுகம் என்று எழுத வந்து பேனா நின்றுவிட்டது, அதைக் கொஞ்சம் கழித்து எழுதுகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் இந்தப் பக்கம் சீனியம்மாள் அக்கா, அந்தப் பக்கம் மாப்பிள்ளை. நம் வீட்டுக் குக்கர் விசிலைக் கேட்டே, ஏளா கோகிலா இன்னைக்குச் சுண்டலா என்று சுவருக்கு அப்பாலிருந்து விசாரிக்கிற ஆள் அக்கா. நீயோ பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரில்தான் பேசுகிறாய். மாப்பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியாதது எனக்கு இத்தனை நாள் ஒரு குறையாக இருந்தது, இன்றைக்கு அதுவே வசதியாகிவிட்டது. நீ ஏழாவதுக்கு மேல் தமிழ் படிக்கவில்லை, கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எழுத்தைப் பெரிதாகப் போடுகிறேன். அவசரப்படாதே, பிள்ளை தூங்கும்போது வாசி.

இங்கே மழை இன்னும் விடவில்லை. சந்தில் கணுக்கால் வரை தண்ணீர், அப்பா பை பட்டறைக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகிறார். அவர் முழங்கால் ஏணி ஏறும்போது சத்தம் போடுகிறது, தைலம் தேய்த்தால் கேட்க மாட்டேன் என்கிறது. வீடுகளை இடித்துக் கட்டித் தருவதற்கான சர்வேக்காரர்கள் வந்து கதவில் எண் எழுதிவிட்டுப் போனார்கள், மாடி அறையைக் கணக்கில் எடுப்பார்களா மாட்டார்களா என்று எழுதினவருக்கே தெரியவில்லை. ஓவி என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் இன்னும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மராத்தியில் பாட்டு மாதிரி ஒன்று என்றேன், அதுக்குப் பாட்டுன்னே வச்சிருக்கலாம்லா என்கிறார் சீனியம்மாள் அக்கா. பிள்ளையைக் குளிப்பாட்டியதும் காதுக்குப் பின்னால் ஈரம் துடை, அந்த ஊர்க் குளிரில் சளி பிடிக்கும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பால் கொடு, ஒரு பக்கமே பழக்காதே. நீ இடது பக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்துக் குடித்தாய். இப்போது நான் எழுத உட்கார்ந்ததும் அந்த இடது பக்கத்தைப் பற்றித்தான்.

கேன்சருக்காக அதை எடுத்ததும், பிறகு நீ ஐரோலியில் வேலை பார்த்த கம்பெனி இன்சூரன்சில் உள்ளே சிலிக்கான் பை வைத்ததும் உனக்குத் தெரியாததில்லை. எட்டு வருசம் அதை நான் மறந்தே போயிருந்தேன். போன மாதம் எனக்கென்று ஒரு ஜாக்கெட் தைத்தேன், இடது பக்கம் சுருக்கம் விழுந்தது. தையல் தப்பு என்று பிரித்தேன். மறுபடி தைத்தேன், மறுபடியும் சுருக்கம். தெருவுக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறவளுக்குத் தன் துணி அமையவில்லையே என்று கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் கோணல் துணியில் இல்லை என்று தெரிந்தது. இடது பக்கம் கீழே இறங்கியிருந்தது, ஓரத்தைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது, அக்குளில் ஒரு உருண்டை. பழைய நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து அன்றைக்குச் சோறு வடிக்கவே மறந்துவிட்டேன். நீ போனில் ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டதும் சளி என்று சொன்னதும் அந்த வாரம்தான்.

நோய் திரும்பவில்லை. இதை முதலில் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி. கவர்மெண்ட் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். உள்ளே இருக்கிற பைதான் கிழிந்திருக்கிறது, அதில் இருக்கிற பிசின் மாதிரியானது கசிந்து வெளியே வருகிறது, அக்குளில் உருண்டையாய்த் தட்டுப்படுவதும் அதுதான், உயிருக்கு இப்போது ஒன்றுமில்லை, ஆனால் அப்படியே விட்டுவைக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. அடுத்த மாதம் முதல் புதன்கிழமை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார். எடுப்பதற்குச் செலவு கிடையாது. புதிதாக ஒன்று வைக்க வேண்டுமானால் பையை நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் எடுத்த கையோடு அங்கேயே வைத்துவிடுவார்களாம். விலையைக் கேட்டதும் அப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர், உன்னைவிடச் சிறியவனாக இருப்பான், எடுத்துவிட்டு அப்படியே விடலாமே ஆண்ட்டி, இந்த வயதில் இன்னொன்று எதற்கு என்று ஹிந்தியில் கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நானும் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஏன் ஆட்டினோம் என்று நினைத்தேன். அதற்குள் ஆஸ்பத்திரி தாண்டிவிட்டது.

நீ ஐரோலி வேலையை விட்டதோடு அந்த இன்சூரன்ஸ் போயிற்று அல்லவா, அப்பா பட்டறை வழியாகப் போட்ட பாலிசியை எடுத்துக்கொண்டு அவர்கள் ஆபீசுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் எல்லாவற்றையும் படித்துவிட்டு, ஆண்ட்டி, யே காஸ்மெடிக் மே ஆத்தா ஹை என்றாள். அழகுக்குச் செய்துகொள்கிற வைத்தியத்துக்குப் பணம் கிடையாதாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்பாதான் எழுந்துவிட்டார், இவ என்ன சினிமாவுலயா நடிக்கப் போறா, கேன்சர்லயில்லா போச்சு என்று அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே சண்டைக்குப் போனார். அவள் ஸாரி அங்கிள், ஸாரி அங்கிள் என்றாள். அவள்தான் என்ன செய்வாள்.

அப்புறம் நம் ஊர்க்காரர்கள் சங்கத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று அப்பாவே சொல்லிச் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். நம் சங்கத்தில் வைத்திய உதவி கொடுக்கிறார்கள், மறுக்கிறதில்லை, ஆனால் யாருக்கு என்ன நோய்க்கு என்று மாதக் கூட்டத்தில் வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். செயலாளர் நம்பிராஜன், மதினிக்கு உடம்புக்கு என்ன அண்ணாச்சி என்று கேட்டிருக்கிறார். உடம்பு சரியில்லை என்றிருக்கிறார் அப்பா. சரிதான் அண்ணாச்சி, உடம்புன்னா எந்த இடம், கையா காலா, எழுதணும்லா என்று பேனாவைத் திறந்திருக்கிறார் அவர். இடத்தின் பெயரைச் சொல்லக் கூசிய அப்பா, சும்மா நிற்க முடியாமல் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு வரி கட்டிவிட்டு ரசீதோடு திரும்பி வந்தார். பணம் கேட்கப் போனவர் பணம் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார், நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், பிறகு ரசீதை மடித்துப் பீரோவில் வைத்தார்.

இத்தனைக்கும் அந்தப் பை நமக்குச் சும்மாவே கிடைக்க வழி இருந்தது. செய்த கம்பெனியே உத்தரவாதம் கொடுத்திருக்கிறதாம், கிழிந்தால் வேறு கொடுப்பார்களாம். வைத்த அன்றைக்கு உங்களுக்கு ஒரு அட்டை கொடுத்திருப்பார்களே, அதில் ஒட்டியிருக்கிற சீட்டில் நம்பர் இருக்கும், அதைக் காட்டினால் போதும் என்றார் டாக்டரம்மா. அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இருக்கு டாக்டர், அட்டை பத்திரமா இருக்கு என்று பரீட்சையில் பாஸான பையன் மாதிரிச் சொன்னார். வழியெல்லாம் அதே பேச்சு, பாத்தியாட்டி, நான் வச்ச பொருள் என்னைக்காவது காணாமப் போயிருக்கா என்று. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து அட்டையை எடுத்தார். நம் வீட்டில் எதைத்தான் லேமினேஷன் போடாமல் விட்டோம், ரேஷன் கார்டு, உன் பத்தாவது மார்க் ஷீட், கரண்ட் பில் முதற்கொண்டு. கூரை ஒழுகுகிற வீட்டில் வேறு என்ன செய்வது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே அப்பா அந்த அட்டையையும் உதுமான் பாய் கடையில் கொடுத்திருக்கிறார். நம்பர் அடித்திருந்தது ஏடிஎம்மில் வருகிற மாதிரியான தாளில். மிஷின் சூடு பட்டதும் அது முழுக்கக் கறுத்துவிட்டது. என் பெயர் தெரிகிறது, தேதி தெரிகிறது, நம்பர் இருந்த இடத்தில் மட்டும் கரிக்கோடு போட்டது மாதிரி ஒரு பட்டை. வாங்கி வரும்போதே பார்த்தேன், பேங்க் கார்டுக்குப் பின்னால இருக்குமே கறுப்புப் பட்டை, அதுன்னுல்லா நெனச்சேன் என்கிறார் அப்பா.

அட்டையை டியூப் லைட்டில் காட்டினார், வெயிலில் காட்டினார், பிளேடால் ஒரு ஓரத்தைப் பிரித்துச் சுரண்டியும் பார்த்தார். உதுமான் பாய் கடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கே வந்தார், நான் கேட்டிருக்கணும் அண்ணாச்சி, இந்தத் தாள் சூடு தாங்காதுன்னு எனக்குத் தெரியுமே என்று ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தேற்றி டீ கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. செம்பூரில் பை வைத்த ஆஸ்பத்திரிக்குப் போனோம், அங்கே இப்போது வேறு பெயர்ப் பலகை, பழைய பேப்பர் ஒன்றும் எங்களிடம் இல்லை என்றார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால் நம்பர் சொல்லுங்க மேடம் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு பேச்சு இல்லை. டாக்டரம்மாவிடம் கேட்டேன், கிழிந்த பையிலேயே நம்பர் பதிந்திருக்குமாம், வெளியே எடுத்தால் படிக்கலாமாம், ஆனால் அதைப் படித்துக் கம்பெனிக்கு எழுதிப் புதிது வருகிறவரை நெஞ்சைத் திறந்து வைத்திருக்க முடியுமா, அன்றைக்கே தைத்து மூடிவிடுவார்கள். இன்னொரு தடவை அறுக்க அந்த ஆஸ்பத்திரியில் எப்போது நாள் கிடைக்கும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. நம்பர் எனக்குள்ளேதான் இருக்கிறது மாலதி, எனக்குத்தான் தெரியவில்லை.

பட்டறை முதலாளியிடம் முன்பணம் கேட்கிறேன் என்றார் அப்பா. கூரைக்கு வாங்கினதே இன்னும் கழியவில்லை, வேண்டாம் என்றேன். அதிலிருந்து அவர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் சொல்வதில்லை. எடுத்துவிட்டுச் சும்மா இருந்துகொள்கிறேன், துணி வைத்துக்கொண்டால் ஆயிற்று என்று அவருக்காகச் சொல்கிறேன். நான் ஜாக்கெட் தைக்கிறவள், எனக்குத் தெரியாத துணியா. ஆனால் உனக்கு அந்த ரயில் ஞாபகம் இருக்கும். தாதரில் கூட்டத்தில் ஏறி மேலே கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன், உள்ளே வைத்திருந்த துணி உருண்டை நழுவித் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எதிரே நின்ற பெண்கள் பார்க்காத மாதிரி எல்லாரும் சேர்ந்து ஜன்னல் பக்கம் திரும்பினார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ உன் துப்பட்டாவை உருவி என்மேல் போட்டாய், சயானில் இறங்கி நடக்கும்போது அம்மா நாம பை வச்சுக்கலாம் என்று மட்டும் சொன்னாய். நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. இப்போதும் எனக்கு வேண்டும். இந்த வயதில் யாருக்குக் காட்ட என்று கேட்டால் யாருக்கும் இல்லை, கூட்டத்தில் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இதை அப்பாவிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. உனக்கு எழுதிவிட்டேன்.

கேட்க வந்தது இதுதான். எட்டு வருசத்துக்கு முன்னால் பை வைத்து நான் டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கு நீ இன்சூரன்சுக்கு வேண்டும் என்று கட்டிலில் எல்லாக் காகிதத்தையும் பரப்பி வைத்துப் போனில் படம் பிடித்தாய். மருந்துச் சீட்டைப் பிடித்தாய், பில்லைப் பிடித்தாய், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் தலை வாராத என்னையும் பிடித்தாய். அந்த அட்டையையும் பிடித்தாயா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்தப் போன் இப்போது இருக்கிறதோ இல்லையோ, படங்கள் எங்கேயாவது கிடக்கும் என்கிறார்கள், எனக்கு அது புரியாது. தேடிப் பார். அப்பாவுக்கு இதைச் சொல்லவில்லை. அவர் இன்னொரு தடவை அந்த முகத்தோடு பீரோ முன்னால் நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. படம் இல்லையென்றால் கடன் வாங்கிப் பணம் அனுப்புகிறேன் என்று மட்டும் ஆரம்பிக்காதே. சம்பளம் இல்லாத லீவில் இருக்கிறவள், வாடகை எவ்வளவு என்று மாப்பிள்ளை வாய் தவறிச் சொன்னது என் காதில் விழுந்தது. அனுப்பினால் திருப்பி அனுப்பத் தெரியாமல் நான்தான் திண்டாடுவேன்.

மூவரும் நூறு வருசம் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ஓவியின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. அவளுக்கு அடுத்த தடுப்பூசி தேதி வருகிறது, மறந்துவிடாதே, போட்ட இடத்தைத் தேய்க்காதே. உனக்கும் உடம்பில் எங்கே சின்ன உருண்டை தட்டுப்பட்டாலும் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டு, நான் அன்றைக்கு வெட்கப்பட்டு நாளைக் கடத்தின மாதிரி செய்யாதே.

படம் கிடைத்தால் எந்த நேரமானாலும் அனுப்பு. கிடைக்கவில்லை என்றால், தேடினேன் இல்லை அம்மா என்று சொல்ல வேண்டாம், போனில் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அதற்குப் பதிலாக, அங்கே மழை விட்டுச்சா என்று கேள். இன்னும் விடவில்லை என்று சொல்லிவிட்டு நான் பிள்ளையைக் காட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
வே. கோகிலவாணி