கோணலாக நிற்கும் வரிசை

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. உன் பழைய புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இளைத்துவிட்டான் என்கிறாள். ஏழு வருடமாகப் பேசாதவன் எழுதுகிறானே என்று யோசிக்காதே. காரியம் இருக்கிறது, எழுதுகிறேன்.

உன் வரைபடம் வந்து சேர்ந்தது. எனக்கல்ல, பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு. தலைவராயிருக்கும் மரக்கடைக்காரர் அதைச் சுவரில் ஒட்டிவைத்து, போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறார். பழைய கூடத்தை இடித்துவிட்டு, சுவரும் தொழுகை வரிசையும் ஒரே நேராக வரும்படி புதிய கூடம். வரும் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் முடிவெடுக்கிறார்கள். கூட்டத்தில் நான் ஒருவன்தான் எழுந்து எதிர்த்தேன்.

"புரொபசர், நீங்க வரலாறு படிச்சவரு. உங்க தம்பி கட்டடம் படிச்சவரு. நாங்க யாரு பேச்சைக் கேக்கறது?" என்றார் மரக்கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். கல்லூரியில் என்னிடம் படித்தவனையே எனக்குத் துறைத் தலைவராக்கிய அன்றும் இப்படித்தான் சிரித்தார்கள். நான்கு வருடம் உழைத்து நான் எழுதிய பள்ளிவாசல் வரலாற்றை இவர்கள் அரைப் பக்கமாக வெட்டி, செருப்பு அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். அது கிடக்கட்டும்.

அந்த அரைப் பக்கத்தில் விட்டுப்போனதை உனக்குச் சொல்கிறேன். அந்தக் கூடம் பள்ளிவாசலாகக் கட்டியதல்ல. ஒரு வணிகரின் துணிக் கிடங்கு. தெருவை ஒட்டி எழுப்பியது. அவர் இறந்தபின் மனைவி அதைத் தொழுகைக்கு எழுதிக்கொடுத்தார். தொழுகைக்கு முகம் திருப்ப வேண்டிய கிப்லா திசையோ சுவருக்கு நேராக இல்லை, வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இடித்துக் கட்டலாம் என்று அன்றும் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அன்றைய இமாமின் பதில் பழைய பதிவேட்டில் இருக்கிறது: "சுவர் இருக்கட்டும். நாம் திரும்பி நிற்போம்."

அதனால்தான் தரையில் கறுப்புக்கல் கோடுகள் சுவருக்குக் கோணலாக ஓடுகின்றன. இமாம் நிற்கும் மாடமான மிஹ்ராபையும் தடித்த சுவருக்குள் சாய்வாகக் குடைந்தார்கள். யாரோ கூப்பிட, தலையை மட்டும் திருப்பியவரைப் போல இருக்கும். கிடங்குக் காலத்துத் தூண்கள் சதுரம், பிறகு சேர்த்தவை எட்டுப்பட்டை. நீ கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே எது எந்தக் காலத்தது என்று சொல்வாய். கட்டடம் நீ படித்தது அங்கேதான், வெளிநாட்டில் அல்ல.

வரிசைகள் சாய்ந்து போவதால் பின்சுவரின் இடது மூலையில் முக்கோணமாக ஓர் இடம் மிஞ்சும். புதுக் கம்பளம் வந்தபோது அதை அந்த மூலைக்கு அளவாக வெட்டிப் போட்டது நம் அத்தா. சட்டைக்குக் கைக்குழி வெட்டுவதுபோல ஒரே வெட்டு. கடையில் கத்தரியைத் தொட்டால் பெற்ற பிள்ளையென்றும் பாராமல் கையை ஒடிப்பேன் என்கிற தையல்காரர், அன்று நம் இருவரையும் கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மூன்று பேர் நிற்கலாம், நான்காமவருக்கு இடமில்லை. நாம் வளரும்வரை வெள்ளிதோறும் அந்த மூன்று பேர் நாம்தான்.

உன் வரைபடத்தில் அந்த மூலையைச் சிவப்பில் அடைத்து, 'வீணாகும் இடம்' என்று குறித்திருக்கிறாய். பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது.

அத்தா போன மூன்றாம் நாள், மதியத் தொழுகை. கம்பளத்தைத் துவைக்க எடுத்திருந்தார்கள். கோடுகளை மறைத்துப் பாய் விரித்திருந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து வந்த நீ, வெளியூர்க்காரர்கள் எல்லாரும் செய்கிற தப்பைச் செய்தாய். சுவரைப் பார்த்து நேராக நின்றாய். வரிசை முழுக்கச் சாய்ந்திருக்க, நீ மட்டும் தனியாக. நான் நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன்: "ஊருதான் மறந்துச்சு, திசையுமா மறந்துபோச்சு?"

நீ பாயின் ஓரத்தைக் காலால் ஒதுக்கிக் கோட்டைத் தேடினாய். அன்று மாலையே கிளம்பிப் போய்விட்டாய்.

இப்போது, யார் வந்து சுவரைப் பார்த்து நின்றாலும் சரியாயிருக்கும்படி ஒரு கூடம் வரைந்திருக்கிறாய். அதை வரைந்தது உன் படிப்பு அல்ல, என் வாய். உன்மேல் எனக்கும் வருத்தங்கள் உண்டு. அத்தா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் நான்தான் தனியாகப் பார்த்தேன். அதெல்லாம் இருக்கிறது. ஆனாலும் அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு வரி எழுதி அந்த வரைபடத்தைத் திரும்பக் கேட்டுவிடு. உன் பேச்சைத்தான் கேட்பார்கள். எழுத மனமில்லையென்றால் நேரில் வந்து சொல். அல்லாஹ் உன்னையும் உன் பிள்ளைகளையும் நல்லபடியாக வைக்கட்டும்.

அத்தா வெட்டிய கம்பளத் துண்டு அங்கேயேதான் கிடக்கிறது. இப்போது நான் அதில் தனியாக நிற்கிறேன். யாராவது பக்கத்தில் வந்தால், இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

உன் அண்ணன்