தீட்டுவதும் மினுக்குவதும்

என் செல்ல நிர்மலாவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். போய்ச் சேர்ந்தவர்களோடு கோபிக்கக் கூடாது என்று உன் கமலாக்கா சொல்கிறார். அவருக்கென்ன, வவுனியாவில் இருந்துகொண்டு போனில் எதையும் சொல்லலாம். காலையில் எழும்பி, மூன்று வயதும் நிரம்பாத உன் மகளின் வாயைத் திறக்க வைக்கப் பாடுபடுகிறவன் நான்.

காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? மாத்திரையைப் போட்டுக்கொண்டு நிலாவெளிக்கு வேலைக்குப் போனாய். வெள்ளைக்காரர் வருகிற சீசன், லீவு கேட்டால் மனேஜர் முகத்தைச் சுழிப்பார் என்றாய். அந்த ஹோட்டல் கட்டில்களுக்கு விரிப்பு மாற்ற வேறு ஆளே கிடைக்காதா? டெங்கு என்று டொக்டர் சொன்னபோது உனக்குக் கதைக்கவும் ஏலாமல் போய்விட்டது. செத்தவீட்டுக்கு ஹோட்டலில் இருந்து மலர்வளையம் வந்தது. அதில் உன் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள். நிர்மலா என்பது அவ்வளவு கஷ்டமான பெயரா?

சரி, போனாய். இந்தப் பிள்ளையை எப்படிச் சமாளிப்பது என்றாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான் விடியமுன் மீன் சந்தைக்கு மீன் வெட்டப் போகிறவன். அபி எழும்புவதையோ நீ அவளுக்குப் பல் துலக்கி விடுவதையோ நான் எங்கே கண்டேன்?

இப்போது அவள் எழும்பும்வரை வீட்டில் நிற்கிறேன். சந்தையில் கத்தி தீட்ட நேரமில்லாததால் அந்த வேலையும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. கிணற்றடிக் கல்லில் தீட்டுவேன். அந்தச் சத்தத்தில் அபி எழும்பி வந்து குசினி வாசலில் நிற்பாள். கத்தியை வைத்துவிட்டு பிரஷைக் கையில் எடுப்பேன்.

"வா குஞ்சு, இனிப் பல்லுத் தீட்டுவம்."

அவ்வளவுதான். வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். இழுத்தால் கடிப்பாள். என் பெருவிரலில் இப்போதும் அடையாளம் இருக்கிறது. மீன் முள்ளுக்குத் தப்பின விரல் உன் மகளின் பல்லுக்குத் தப்பவில்லை.

என்னென்ன செய்து பார்த்தேன் தெரியுமா? ஸ்ட்ரோபரி வாசம் அடிக்கிற பேஸ்ட் வாங்கினேன். என் பல்லில் போட்டு, வாயெல்லாம் நுரையோடு ஆடிக் காட்டினேன். பஸ் நிலையப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், அங்கே ரோட்டில் திரிகிற மான்களைக் காட்டினேன். "மானுக்கு எவ்வளவு வடிவான பல்லு, பாத்தியோ?" என்றேன். "மான் பல்லுத் தீட்டுறேல்லை" என்றாள். உன் மகள்தான், சந்தேகமில்லை.

சந்தையில் என் பக்கத்து மேசைக்காரர், கிண்ணியா ரபீக் நானா, ஒரு வழி சொன்னார். "புடிச்சி வெச்சித் தீட்டுங்க தம்பி. அழுதா வாய் தொறக்கும், அதுதான் நேரம்." அப்படியே செய்தேன். பிரஷ் பல்முரசில் பட்டு இரத்தம் வந்தது. அன்று முழுக்க அவள் என்னிடம் வரவில்லை. நானாவின் நாலு பிள்ளைகளுக்கும் பல் தீட்டிவிட்டது அவருடைய மனைவி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் கமலாக்கா வந்தார். அபியை மடியில் இருத்திச் சிரிக்க வைத்தபோது முன்பற்கள் தெரிந்தன. ஓரமெல்லாம் மண்ணிறம். சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"தம்பி, நான் சொல்லுறனெண்டு குறை நினையாதேங்கோ. ஒரு பல்லைத் தீட்டிவிட ஏலாத நீங்கள் எப்பிடிப் பொம்பிளப் பிள்ளையை வளக்கப் போறீங்கள்? சித்திரை வருசத்துக்கு வரேக்கை நான் இவளைக் கூட்டிக்கொண்டு போறன்."

பல்லைப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய பல் டொக்டரும் என்னிடம், இப்படியே விட்டால் மயக்க மருந்து கொடுத்துத்தான் பிடுங்க வேண்டிவரும் என்றார். உன்னைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இன்று காலையும் கிணற்றடியில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். அபி வந்து வாசலில் நின்றாள். நான் இன்னும் பிரஷை எடுக்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. அதற்குள் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். அவள் கண் கல்லில் இருந்த கத்தியில் இருந்தது.

"அப்பா, பல்லுத் தீட்டாதேங்கோ. வெட்டிப்போடும்."

நிர்மலா, தீட்டுவதை நிறுத்தினேன். பக்கத்து வீட்டில் ஆள் இல்லாத நாட்களில் இவளைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். பெட்டியில் இருந்துகொண்டு, தீட்டின கத்தியால் நான் பாரை மீனின் தலையை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கத்தியைப் போலவே தன் பல்லையும் கல்லில் போடப் போகிறேன் என்றுதான் இத்தனை மாதமும் கட்டிலுக்குக் கீழே ஒளித்திருக்கிறாள்.

அப்போதுதான் உன் குரல் ஞாபகம் வந்தது. கலியாணம் முடித்த புதிதில் நீ "பல்லு மினுக்கப் போறன்" என்பாய். திரியாய் ஊரில் உங்கள் வீட்டுப் பேச்சு அது. "பல்லென்ன வெண்கலச் சட்டியே, மினுக்க?" என்று நான் பகிடி பண்ணுவேன். நீ விடவில்லை. "பல்லென்ன உங்கட மீன் கத்தியே, தீட்ட?" என்றாய். அன்று சிரித்துவிட்டுப் போனேன். பிள்ளைக்கும் நீ அப்படித்தான் சொல்லியிருப்பாய்.

கத்தியைச் சாக்கில் சுற்றிக் கூரையில் செருகினேன். கையைக் கழுவிவிட்டு அவளுக்கு முன்னால் குந்தியிருந்தேன்.

"குஞ்சு, பல்லு மினுக்குவமோ?"

அவள் கை மெல்ல இறங்கியது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் தெருப் படலையைப் பார்த்தாள்.

"அம்மா வந்திட்டாவோ?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? அதையும் நீ சொல்லிவிட்டுப் போகவில்லையே. "இல்லையம்மா, அப்பாதான்" என்றேன். கொஞ்சநேரம் படலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாயைத் திறந்தாள். உள்ளுக்குள் கடைவாய் வரை காட்டினாள். மெல்ல மினுக்கிவிட்டேன். அழவில்லை, கடிக்கவில்லை. இதற்காகத்தான் இத்தனை நாளும் பாடுபட்டேன். ஆனால் எனக்குச் சந்தோசம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்தச் சொல்லோடு நீயும் வந்திருக்க வேண்டாமா?

கமலாக்கா சித்திரைக்கு வரட்டும். இருக்கிற பல்லை அபி காட்டுவாள். பிள்ளையை நான் கொடுக்கப் போவதில்லை. கத்தி இனிச் சந்தையிலேயே கிடக்கும். இந்த வீட்டில் பல்லை மினுக்குவதுதான், தீட்டுவது கிடையாது. அவள் படலையைப் பார்க்கிற காலைகளில், பார்த்து முடியும்வரை பிரஷோடு பக்கத்தில் குந்தியிருப்பேன். அவசரப்படுத்த மாட்டேன். அது நான் உனக்குத் தருகிற வாக்கு. கோபம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
நீ கூப்பிட்ட அதே 'அபியின்ர அப்பா'