எண்பத்தெட்டு டிகிரி

அன்புள்ள அக்கா,

நம் பழைய ஆம்னி வேன் எவ்வளவு தூரம் ஓடினாலும் என்ஜின் வெப்பமுள் கீழேயே கிடப்பதை முதலில் பார்த்தவள் நான்தான். மெக்கானிக் திறந்து பார்த்தால், என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கும் தெர்மோஸ்டாட்டே இல்லை! மதுரை வெயிலுக்கு வேண்டாமென்று யாரோ எப்போதோ கழற்றிவிட்டார்களாம். அதனால்தான் ஹீட்டரில் சூடு வரவில்லை.

இன்று அப்பாவோடு காளவாசல் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். ஹீட்டர் வேலை செய்யணும் என்று அப்பா தெர்மோஸ்டாட் கேட்க, எண்பத்திரண்டு டிகிரியில் திறப்பது ஒன்று, எண்பத்தெட்டில் திறப்பது ஒன்று என்று எடுத்து வைத்தார்கள்.

"நம்மூருக்கு ஹீட்டர் எதுக்குண்ணே, அப்பளம் பொரிக்கவா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

உன் கல்யாணத்துக்குப் பிறகு உன் பேச்சையே எடுக்காத அப்பா சொன்னார்: "கொடைக்கானல்ல இருந்து மகளையும் பேரனையும் கூட்டியாரணும். பச்சப்பிள்ள குளிரு தாங்காதுல்ல."

அக்கா, 'மகளையும்' என்றார்!

எனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ, "எண்பத்தெட்டே குடுங்கண்ணே, அதுதான் நல்லாச் சூடேறும்" என்றேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி