ராகுகாலத்தில் தூக்கிய பலகை

அத்தான்,

உங்கள் சுத்தியலைச் சுற்றியிருந்த துணியை இன்று பிரித்தேன். நீங்கள் போன பிறகு மூன்று வருடமாகத் தகரப்பெட்டியில் கிடந்தும், ஃபைபர் படகுக்குப் பூசுகிற அந்த ரெசின் வாசனை போகவில்லை. நகப்பூச்சும் மண்ணெண்ணெயும் கலந்தது போல அப்படியே மூக்கில் ஏறுகிறது. முன்பெல்லாம் நீங்கள் வேலை முடிந்து வந்தால், "குளிச்சிட்டு உள்ள வாங்க, சாமி இருக்கு" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவேன். இன்று அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டுதான் கோமதி அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் பொய். எழுந்து வாசலுக்குப் போகிறேன், வருகிறேன், ஃபோனைப் பார்க்கிறேன், இரண்டு வரி எழுதுகிறேன்.

நம் மகன் கொச்சியில் இருக்கிறான். அவன் முதலாளி ஒரு சொகுசுப் படகு வாங்குகிறார். உங்களுக்குப் பிடித்த ஜாதிதான். மீன்பிடி விசைப்படகின் உடம்பும் வீட்டின் வயிறும் சேர்ந்தது, மெதுவாகப் போகும், வெகுதூரம் போகும். அதைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட வேண்டியவனும் இவன்தான், ஏழு பேரோடு அதை லட்சத்தீவுக்கு ஓட்டிப் போகப் போகிறவனும் இவன்தான்.

நேற்று வீடியோ அனுப்பினான். தேக்குப் பலகை, வெள்ளை சோபா, கண்ணாடி போல மினுக்கும் சமையலறை. நான் வாயைப் பிளக்கவில்லை. உங்களோடு முப்பது வருடம் குடித்தனம் செய்தவள் இல்லையா?

கடலே இல்லாத ஊரில் பிறந்து, படகு வாங்குகிறவர்களுக்காக அதற்கு நாடி பார்க்கப் போனவர் நீங்கள். "சங்கரன்கோவில்ல எந்தக் கப்பலுக்கு வே காய்ச்சல்?" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். "ஒம்ம வாய்க்குத்தான் வே மொதல்ல பாக்கணும்" என்று சிரித்துக்கொண்டே போவீர்கள். ஒருமுறை என்னையும் ஒரு படகில் ஏற்றினீர்கள். நான் கூடத்தின் மினுக்கைப் பார்த்து அசந்து நின்றேன். நீங்கள் அதைத் திரும்பியும் பார்க்காமல் நேரே எஞ்சின் அறைக்குள் இறங்கி, பழுது பார்க்க இரண்டு பக்கமும் ஆள் மண்டி போட இடம் இருக்கிறதா என்று பார்த்தீர்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, அந்த அலமாரிக்குப் பின்னால கைய விடு" என்றீர்கள். விட்டேன். தேய்க்காமல் விட்ட ஃபைபர் முள் குத்தி இரண்டு நாள் அரித்தது.

"கண்ணு போவாத எடத்துக்குக் கை போவணும். அங்கனதான் செஞ்சவன் மனசு தெரியும்."

தட்டு அடுக்குகிற பலகைக்கு விளிம்பு இல்லை, படகு ஆடினால் எல்லாம் உருளுமே என்று நான் சொன்னதையும் ரிப்போர்ட்டில் எழுதினீர்கள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை!

அந்தப் பெருமையில்தான் நீங்கள் தூத்துக்குடியில் ஒரு படகு பார்க்கப் போனபோதும் கூட வந்தேன். இன்று போல அன்றும் வெள்ளிக்கிழமை. வேலை முடிந்ததும் திருச்செந்தூர் போவதாக இருந்தோம். நீங்கள் சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு நகர்ந்துகொண்டிருந்தீர்கள். கட்டில் இருந்த அறையில் தரைப்பலகை ஒன்றுதான் பாக்கி. நான் கரையில் நின்று கத்தினேன்: "அத்தான், பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும், கையெழுத்தப் போட்டுட்டு வாங்க!" அந்தப் பலகையைத் தூக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தீர்கள். ஐப்பசியில் அந்தப் படகுக்குள் தண்ணீர் ஏறியது. அந்த இடத்தில்தான் தரை உள்ளே இறங்கி ஒரு பையனின் கால் நசுங்கியது. அவனைப் பார்த்துவிட்டு வந்த அன்று நீங்கள் சாப்பிடவில்லை.

"நேரம் பாக்கது தப்பில்லட்டி. நான் பலகையத் தூக்காததுதான் தப்பு" என்று மட்டும் சொன்னீர்கள். எந்த நேரமும் வாய் மூடாதவள், அன்று மூடிக்கொண்டேன்.

இன்று காலை பத்தேகாலுக்கு மகன் கூப்பிட்டான். "அம்மா, மொதலாளி பூசையெல்லாம் போட்டுட்டாவ. பத்தரைக்குள்ள கையெழுத்துப் போடணும்னு நிக்காவ. போட்டுரட்டா?"

"எல்லாம் பாத்துட்டியா?"

"கூடத்துல சோபாவுக்குக் கீழ மட்டும் பாக்கி. அதக் கழத்த அரைமணி நேரம் ஆவும்."

இந்த வீட்டில் ராகுகாலத்தில் நான் பால்கூட உறை ஊற்றியது இல்லை.

"கழத்திப் பாருலே" என்றேன். "ராகுகாலத்த நான் பாத்துக்கிடுதேன். நீ பலகையத் தூக்கு."

"நீயாம்மா சொல்லுத?"

பதினொரு மணிக்குத் திரும்பவும் கூப்பிட்டான். ஓர் இடத்தில் சத்தம் மாறுகிற மாதிரி இருக்கிறதாம், அவனுக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஃபோனைப் பக்கத்தில் வைத்துத் தட்டுகிறேன் என்றான். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் எனக்கு என்ன கேட்கும்? ஓடினேன். "ஏ மதினி, ரெண்டு நிமிசம் தறிய நிறுத்தேன்!"

"என்னட்டி, யாருக்கு என்ன?"

"படகத் தட்டுதான், கேக்கணும்!"

"சரியாப் போச்சு. புருசன் போயி இப்ப பொண்டாட்டியா?" என்று சொல்லிக்கொண்டே நிறுத்தினாள்.

ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினான். டக், டக், டக். அப்புறம் ஒரு தடவை, நனைந்த சாக்கைத் தட்டினது போல. "எலே, அங்கனயே இன்னொரு தட்டு." அதே சத்தம். இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் இருக்கிற கட்டை நீர் குடித்தால் படகு ஊமையாகிவிடும் என்பீர்களே, அந்த ஊமைச் சத்தம்.

"போடாத மக்கா" என்றேன்.

முதலாளி கொதித்தாராம். துளை போட்டுப் பார்ப்போம், காய்ந்திருந்தால் உனக்கு இங்கே வேலை இல்லை என்றாராம். அப்போதே எலுமிச்சை விளக்கோடு துர்க்கை சன்னதிக்கு ஓடினேன். வந்ததிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி இரண்டு ஆகிறது. காய்ந்திருந்தால் அவன் பிழைப்பைக் கெடுத்ததும் நான்தான்.

அத்தான், இப்போதுதான் பேசினான். "அம்மா, துளை வழியா கறுப்புத் தண்ணி ஒழுவுது. மொதலாளி அப்பிடியே தரையில உக்காந்துட்டாவ." நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனசு நிறைந்ததா என்றால் இல்லை. அவனும் அந்த ஏழு பேரும் தப்பினார்கள். அந்தப் பையன் இன்னும் நொண்டிக்கொண்டுதான் நடக்கிறான். அன்று உங்களிடம் சொல்லாததை இன்று எழுதுகிறேன்: அந்தப் பலகையைத் தூக்கவிடாமல் செய்தவள் நான். உங்கள் பிழை என்று நீங்கள் சுமந்துகொண்டு போனதில் பாதி என்னுடையது. அதை இனி நான் வைத்துக்கொள்கிறேன்.

சுத்தியலைத் திரும்பப் பெட்டியில் போடவில்லை. அம்மன் படத்துக்கு முன்னால், கோவில் புற்றுமண் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளைக்கும் நான் பஞ்சாங்கம் பார்ப்பேன், அது என்னைவிட்டுப் போகாது. பலகையைத் தூக்கிப் பார்த்த பிறகு பார்ப்பேன்.