மாமா சுட்ட ஆமவடை

கோபத்தைக்கூடச் சிரித்துக்கொண்டே காட்டத் தெரிந்த என் அத்தைக்கு,

உங்கள் மருமகள் செல்வி எழுதுகிறேன். நல்ல சேதிதான். மாமா நம் வில்லாபுரம் வீட்டிலேயே இருக்கிறார், இனியும் அங்கேதான் இருப்பார். இதை உங்களிடம் சொல்லிவிடத் தீபாவளியிலிருந்து மனசு கிடந்து துடிக்கிறது.

நீங்கள் கண்ணை மூடிய சில மாதத்திலேயே மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. அடைப்பு இருக்கிறது என்று ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "எண்ணெயில பொரிச்சது எதுவும் ஆகாதுங்கய்யா" என்றார். மாமா தலையை மட்டும் ஆட்டினார். அன்றோடு சாப்பாட்டின் மேலிருந்த பிடிப்பே அவருக்கு விட்டுப்போயிற்று.

உங்களுக்குத் தெரியாததா? கண்டக்டர் வேலை பார்த்த காலம் முழுக்க, டூட்டி முடிந்து வந்தவருக்கு நீங்கள் சுடச்சுட ஏதாவது பொரித்து வைத்தே பழக்கியிருந்தீர்கள். வறுவல் இல்லாத சோறு அவருக்குச் சோறே இல்லை. நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து உங்கள் மகன் தினமும் கொண்டுபோன கேரியர் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தது. "பசிக்கலப்பா" என்பார். சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. எங்களோடு வந்துவிடுங்கள் என்றோம், கேட்கவில்லை.

ஒருநாள் சென்னையிலிருந்து மலர் மதினி வந்து அவரைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பெத்த மக நான் இருக்கும்போது எங்கப்பா ஒத்தையில கெடந்து காயணுமா? தீபாவளிக்கு வாரேன். அப்பவும் இப்படியே இருந்தா கையோட கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா? உங்கள் மகள், தகப்பனை நினைத்துப் பயந்தார்.

மதினி கிளம்பிய பிறகு, வில்லாபுரத்து அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மாமா வாசலில் வந்து நின்றார். "அங்க போனா நான் சோபாவுல கெடக்குற ஒரு சாமான் தாயி. இங்க தெருவுல எறங்குனா நாலு பேரு 'என்னா கண்டக்டரே'ங்குறாக. என்னைய அனுப்பிராதீக" என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் எங்கள் ஆபீஸில் ஒரு அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் கொண்டுவந்தார். நன்றாக முறுகியிருந்தது, கையில் எண்ணெய் ஒட்டவில்லை. சூடான காற்றிலேயே பொரிக்கும் ஏர் ஃப்ரையரில் செய்தது என்றார். அதையே இரவல் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வில்லாபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"காத்துல எப்படித் தாயி பொரியும்?" என்றார் மாமா. நான் வீராப்பாக வாழைக்காயை மாவில் முக்கி அதன் கூடைக்குள் வைத்தேன். மாவெல்லாம் கூடையின் ஓட்டை வழியாக வழிந்து அடியில் அடையாகிவிட்டது. வாழைக்காய் மட்டும் வெறுமனே நின்றது. மாமா குனிந்து பார்த்தார். "மாவுப்பய டிக்கெட் எடுக்காம எறங்கிட்டான்" என்றார். பிறகு சிரித்தார் பாருங்கள் அத்தை, நீங்கள் போனபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அடுத்து மசாலா தடவிய மீன். மேலே ஒரு ஸ்பூன் எண்ணெயைப் பூசி வைத்தேன். அது பொரிந்து வந்தது. முள்ளைத் தவிர எதையும் அவர் மிச்சம் வைக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "நமக்கும் ஒண்ணு பாப்பமா?" என்றார்.

டவுனில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனைக்கு நின்ற தம்பி இருப்பதிலேயே பெரியதைக் காட்டினார். கண்ணாடி மாதிரி முகப்பு, தொட்டால் எழுத்து எரிந்தது. "எண்ணெயே வேணாம் சார், சுத்தமா ஜீரோ" என்றார்.

"மீனுக்குக் கொஞ்சமாச்சும் பூசணும்ப்பா, இல்லாட்டி வறவறன்னு போயிரும்" என்றார் மாமா. "சரி, ஈரக்கையால தொட்டா இது வேலை செய்யுமா?" "கையத் தொடச்சுட்டுத்தான் தொடணும் சார்" என்றார் அந்தத் தம்பி. மாமா அடுத்ததற்கு நகர்ந்துவிட்டார். வட்டக் கூடை வேண்டாம், மீன் துண்டு படுக்காது என்றார். ஒவ்வொரு கூடையையும் ஒரு கையால் உருவித் தூக்கிப் பார்த்தார். கடைசியில் நடுத்தரமான ஒன்றில் நின்றார். சூட்டுக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று என்று இரண்டே திருகு, சதுரக் கூடை.

எனக்குப் பெரியதுதான் வேண்டும் என்றிருந்தது. "நல்லநாள்னா எல்லாரும் வருவோம்ல மாமா, இது பத்தாதே" என்றேன்.

"வரும்போது ரெண்டு தடவையாப் போட்டுக்கலாம் தாயி. தினமும் தூக்கிக் கழுவப்போறது நான்தான?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் சமைத்துப் போடுவதற்காக அதை வாங்க வந்திருந்தேன். அவர் தானே சமைப்பதற்காக வந்திருந்தார். தண்ணீர் எடுக்கக்கூட அடுப்படிக்குள் வராத மனிதர், அத்தை. நீங்கள் இருந்திருந்தால் நம்பியிருப்பீர்களா?

அடுப்படி ப்ளக் மிக்சிக்கு மட்டும்தான் தாங்கும் என்பதால் ஆள் வைத்துப் பெரிய ப்ளக் போட்டோம். முதலில் சேனைக்கிழங்கு கரியானது. வடை உதிர்ந்து தூளானது. ஆபீஸில் இருக்கும்போது போன் வரும். "தாயி, உள்ள நல்லா வெந்துருச்சான்னு தெரியல, நடுவுல தொறந்து பாக்கலாமா?" பார்க்கலாம் என்பேன். பருப்பைக் கொரகொரப்பாக அரைக்கவும், தட்டியதும் இரண்டு பக்கமும் எண்ணெய் பூசவும், பாதியில் திருப்பிவிடவும் பழகிக்கொண்டார். வறுவல் கைவந்ததும், அதற்குத் தோதாகச் சோறும் ரசமும் வைக்கத் தொடங்கினார். கேரியர் போவது நின்றுபோயிற்று. தீபாவளிக்கு முன் காட்டப் போனபோது டாக்டர், "ஒடம்பு தேறிட்டீங்க, அளவா இப்படியே சாப்புடுங்க" என்றார்.

தீபாவளி அன்று மதினி வந்தார். அப்பாவின் துணிமணிக்கென்று ஒரு காலிப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். மாமா ஒரு தட்டில் ஆமவடையை வைத்து நீட்டினார். வாயில் போட்டதும் மதினி முகம் மாறியது. "செல்வி, டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? அப்பாவுக்கு முன்னாடி இதையெல்லாம் சுடுறியா?"

நான் வாயைத் திறக்குமுன் மாமா முந்திக்கொண்டார். "அவளை ஏன் வையுற? சுட்டது நானு. கையில எண்ணெய் ஒட்டுதா பாரு."

மதினி விரலைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். தோளில் சட்டை ஒழுங்காக நின்றதை அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும். இன்னொரு வடையை எடுத்தார். கண்ணில் நீர் ஓட ஓடச் சாப்பிட்டார். "அம்மா கைக்கு ஈடு வராதுப்பா" என்றார்.

"வராதுதான். அவ கைக்கு யாரு வர முடியும்?" என்றார் மாமா.

"அப்ப சென்னைக்கு வரமாட்டீங்களா?"

"ஏன், வாரேன். பொங்கல் கழிச்சு வாரேன். விருந்தாளியா வந்து ஒரு வாரம் இருந்துட்டு, என் வீட்டுக்குத் திரும்பிருவேன்."

அந்தப் பெட்டியில் மதினி, மாமா கட்டிக்கொடுத்த பலகாரத்தை அடுக்கிக்கொண்டு ரயிலேறினார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் அத்தை. மதினியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வயது ஏறத்தான் செய்யும். நாளைக்கு மாமாவுக்குக் கை நடுங்கலாம், கால் தள்ளாடலாம். எது வந்தாலும், எங்கே இருப்பது என்று அவரை முதலில் கேட்காமல் யாரும் முடிவு செய்ய நான் விடமாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

அவர் பரிமாறியதை மிச்சம் வைக்காமல் சாப்பிடும்
உங்கள் மருமகள்,
செல்வி