ஏழாம் கட்டிலுக்கு ஊத்தின தேத்தண்ணி

கம்சாயினிட அப்பாவுக்கு,

கொழும்பில நான் சுகம். உங்கட முழங்கால் நோவு எப்படி? வெல்லாவெளி வட்டையில வெள்ளாமை கதிர் தள்ளிட்டுதா?

பயப்பிடாம வாசியுங்க. நான் கூட்டித் துடைக்கிற ஆசுபத்திரி வாட்டில, ஏழாம் கட்டில் ஐயா விடியக்காலம செருமிச் செருமி, "பிள்ள, தொண்டை காயுது" எண்டாரு. தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். இஞ்சத்தத் தேயிலை வெறும் சாயம், அது கிடக்கட்டும். மறுகா பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித்தான் தெரியும், ஐயாவுக்கு அண்டைக்கு ஒப்பரேசன், வெறுவயிறா இருக்கணுமாம். கட்டில் தலைமாட்டுப் பலகையில சிங்களத்தில எழுதிக் கிடந்திச்சு. எனக்குத் தமிழே தட்டுத்தடுமாறித்தானே வாசிக்க வரும்.

சொன்னா வேலை போயிரும் எண்டு தெரியும். எண்டாலும் ஓடிப்போய் வாட்டு நர்ஸ் மேர்சி மிஸ்ஸியிட்டச் சொன்னன். அவ மயக்க மருந்து டொக்டருக்குக் கோல் எடுத்தா. ஒப்பரேசன் பின்னேரத்துக்கு மாறிச்சு, ஐயா தப்பிட்டாரு.

டொக்டர் ஏசல்ல. "நீங்க சொல்லாட்டி மயக்கத்தில சத்தியெடுத்து மூச்சடைச்சிருக்கும். நாளையில இருந்து எங்களோட நீங்களும் நில்லுங்க" எண்டாரு. இப்ப காலையில டொக்டரும் மிஸ்ஸிமாரும் கட்டில் கட்டிலாக் கதைக்கக்குள்ள, நானும் விளக்குமாறோட நிக்கன். ஒண்டும் குடுக்கப்படாத கட்டில் பலகையில, எனக்காகக் கோப்பைப் படம் கீறி, அதுக்கு மேல வெட்டி விடுறாங்க.

உண்மையச் சொன்னா, அந்த ஐயா செருமினது உங்களப் போலயே இருந்திச்சு. அதான் யாரிட்டயும் கேக்காம ஊத்திட்டன்.

டியூட்டிக்கு நேரமாகிட்டு. ஞாயிறு கோல் எடுக்கக்குள்ள, ஒருக்காச் செருமிப்போட்டுக் கதையுங்க.

கேதீஸ்வரி